பாடசாலை வானின் இடப்பக்கம்

ஜௌபர் நானாவின் வானில்
இடப்பக்கக் கதவுக்குக் கீழே
பச்சையில் ஒரு வரி இருக்கிறது.
பதினொரு வருசமாக யாரும் அதை வாசித்ததில்லை.
கழுவும்போது அந்த இடத்தில் மட்டும்
அவர் பிரஷ் போடமாட்டார்.
"எழுத்துப் போனா
ஜப்பான் வண்டியெண்டு ஆரு நம்புற?"

ஆறே முக்காலுக்கு ஏகாம்பரம் வீதித் திருப்பத்தில்
தங்கச்சியை ஏற்ற அது வந்து நிற்கும்.
கடைக்குப் போகிற சைக்கிளில்
ஒரு காலை ஊன்றிக்கொண்டு
நான் அந்த வரியோடு மல்லுக்கட்டுவேன்.

முதலில் எண்கள். அவை எல்லாருக்கும் வரும்.
பிறகு நடுவில், ஆணி அடித்த மாதிரி ஆறு குறிகள்.
டெ. இ. ச.
அடுத்தது எழுத்தே இல்லை, வெறும் படுக்கைக் கோடு.
'ச'வை இழு என்கிறது.
எங்கள் துணைக்கால் நின்று செய்கிற வேலையை
அது படுத்துக்கொண்டு செய்கிறது.
பி. சு.
வாய்விட்டுச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது.
டே சேர்விஸ்!
எங்களுக்குத் தெரிந்த இங்கிலீசுதான்,
வேறு உடுப்புப் போட்டிருக்கிறது.
"பகல் சேவையாம் நானா" என்றேன்.
"சரிதானே, ராவைக்கு நான் ஓடுறல்லத்தானே."

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
புத்தகம் சிங்களத்தில்.
கட்டமான எழுத்தில் கேள்வி,
வட்டமான எழுத்தில் விளக்கம்,
ஓரத்தில் பென்சிலால் என்னுடைய தமிழ்.
ஒரு சொல் என்னிடம் வந்து சேர
இரண்டு சோதனைச் சாவடி தாண்டவேண்டும்.
ஆனால் மூன்று மொழியிலும்
வினைச்சொல் கடைசி ஆளாகத்தான் பஸ் ஏறும்.
அதுவரைக்கும் தெரியாது
மாமா வந்தாரா,
வரவில்லையா,
வரவிடவில்லையா.

காத்திரு என்பதற்கு ஓர் எழுத்து.
பிரித்தால் வலப்பக்கம் கோயில்,
இடப்பக்கம் நடக்கிற கால்.
அம்மாவுக்கு அதை நான் காட்டவில்லை.
வெள்ளிக்கிழமைகளில்
கோணேசர் மலை ஏறி இறங்குகிறவவுக்கு
எழுதிக் காட்ட என்ன இருக்கிறது.

என் பெயரில் உள்ள ல அவர்களிடம் இல்லை.
விதுலா என்று எழுதப்போய்
பாரதத்தில் பாதியாய்
விதுரா ஆகி நின்றேன்.
ல, ள, ழ என்று மூன்று வைத்திருக்கிறோம்,
ஒன்றைக் கடன் கொடுக்கலாம்.

கோட்டை வாசலடியில் அட்டைகளைப் பரப்பிப் படித்த அன்று
மான் ஒன்று வந்து
'நாளை'யைத் தின்றுவிட்டது.
'மான்' அட்டையை மோந்து பார்த்து
அப்படியே விட்டுவிட்டது.

வரியின் கடைசி மூன்றில் ஒன்று
மேலிருந்து பார்த்த வண்டில்,
நடுவே அச்சு. அது லேசு.
மற்ற இரண்டும் ஐந்து மாதம் திறக்கவில்லை.
இரண்டுக்கும் அடியில்
ஒரே வழி வளைந்து கிடந்தது.
உப்புவெளி பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி
அகராதியில் கண்டுபிடித்தேன்.
அனுப்பு. எதிர்கொள்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
"போட்டு வாறன்" என்கிறோமே,
அதை அவர்கள்
வண்டியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

பராமரிப்புப் பாடத்தின் ஏழாம் அலகில்
டே சேர்விஸ் திரும்ப வந்தது.
வயதானவர்களைக் காலையில் வீட்டில் ஏற்றி
குளிக்க வார்த்து, சோறு கொடுத்து
பின்னேரம் கொண்டுவந்து இறக்குகிற இடம்.
நான் போகக் கேட்டிருக்கிற வேலை.

அடுத்த நாள்தான் பார்த்தேன்,
வான் கதவோரம்
அவ்வளவு பதிவாக ஒரு மஞ்சள் கைப்பிடி ஏன் என்று.
பிள்ளைகள் குரங்குபோல் தொங்குவது அதில்தான்.
நடுவில் நிறம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது.
எத்தனை தேய்ப்பு இங்கே,
எத்தனை அங்கேயே நடந்தது?

"நானா, முழுக்க வாசிச்சிட்டன்.
ஏத்திக்கொண்டு போய்
திரும்பக் கொண்டுவந்து விடுற வண்டியாம்."

அவர் கண்ணாடியில் பின்சீட்டை எண்ணினார்.
பதின்மூன்று. ஒரு ஆள் குறைவு.
"அத வாசிச்சா புள்ள தெரியோணும்?"

தங்கச்சி சப்பாத்து நாடாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்து
மஞ்சள் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.
கதவு வழுகி மூடியது.
பச்சை வரி
உட்துறைமுக வீதிப் பக்கம் திரும்பும்வரை
உதடு அசைத்து
அதை வாசித்துக்கொண்டு நின்றேன்.